கடைசி நாடா

கடலோர ஊர் ஒன்றில், ஒரு வீட்டுச் சமையல் மேடையில், ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் மைதா மாவு பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அதற்குப் பயமே கிடையாது. ஈஸ்ட்டும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பிறகு, ஈரத்துணிக்கு அடியில் உப்பிப் போய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மருமகள் டெல்பினா வந்து அதை எடுத்துப் போட்டு நீளமாகத் தேய்த்தாள். நடுவில் பாதாம் பூரணத்தை ஒரு வரப்புபோல வைத்தாள். பிறகு கத்தியை எடுத்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறிக்கொண்டே போனாள். ஒரே மாவாக இருந்தது இரண்டு வரிசை நாடாக்களாகிவிட்டது. வெட்டுப்பட்டதும் ஒவ்வொரு நாடாவுக்கும் தனியாக உயிர் வந்தது. கூடவே பயமும் வந்தது.

அதில் வலது வரிசையின் கடைசி நாடாவுக்குத்தான் பயம் அதிகம். காரணம், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஓவன் தட்டு. ஊர் வம்பு பேசாவிட்டால் அதற்குச் சூடே ஏறாது.

"என் ஓரத்துல கறுப்பா ஒரு கறை இருக்கு பாரு, என்னன்னு தெரியுமா?" என்றது தட்டு, யாரும் கேட்காமலேயே. "நேத்து உங்கள மாதிரியே ஒரு சடை ரொட்டி வந்துச்சு. ஜம்முன்னுதான் உள்ள போச்சு. சூடு ஏறவும் கடைசி நாடா பிடிய விட்டுருச்சு. அது விட்டதும் அதுக்கு முந்தினது விட்டுச்சு, அப்புறம் அதுக்கும் முந்தினது. பூரணம் பூராவும் என் மேல கொட்டிக் கரிஞ்சு போச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாங்க, போகல."

"அது ஏன் பிடிய விட்டுச்சு?" என்று கேட்டது கடைசி நாடா.

"ஒரு நாடாவோட நுனிய அடுத்த நாடா வந்து அமுக்கும். அப்படித்தான் சடை நிக்கும். கடைசி நாடாவ அமுக்க யாரு இருக்கா?"

நாடாவின் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

டெல்பினாவும் பயத்தில்தான் இருந்தாள். அவள் கணவன் எட்மண்டுக்கு மறுநாள் காலை இதயத்தில் ஆபரேஷன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது ஏதோ ஒரு குளிர்தேசத் துறைமுகத்தில் தின்ற பாதாம் ரொட்டி அவனுக்கு நினைவு வந்துவிட்டது. "சடை மாதிரி பின்னியிருப்பானுவ, டெல்பி. போறதுக்கு முன்னால அத ஒரு துண்டு தின்னா நல்லாருக்கும்" என்றான். 'போறதுக்கு முன்னால' என்று அவன் சொன்னது ஆஸ்பத்திரிக்குப் போவதைத்தான். ஆனாலும் டெல்பினாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நேற்றுச் செய்தது வெடித்துக் கருகியதிலிருந்து அந்தப் பயம் இன்னும் கூடியிருந்தது. இதுவும் கருகினால் இன்னொன்று செய்ய நேரமில்லை.

அவள் நாத்தனார் செலின் கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா மைனி?"

"ஒண்ணும் ஆகாதுட்டி. அழாத. நான் இருக்கேம்லா."

காலையிலிருந்து இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் சொன்னாள், எட்மண்டிடமும் சொன்னாள். செலின் முகம் கழுவத் திரும்பியதும் டெல்பினாவின் குரல் இறங்கிப்போனது. "எல்லாருக்கும் நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா?"

அப்போது அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது கடைசி நாடா. அது கேட்டுவிட்டது. தனக்காகவே யாரோ சொன்னதுபோல இருந்தது அதற்கு.

பின்னல் தொடங்கியது. இடது நாடா பூரணத்தின் மேல் குறுக்கே படுத்தது. வலது நாடா வந்து அதன் நுனியை அமுக்கியது. "பிடிச்சிக்கோ", "பிடிச்சிருக்கேன்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே வந்தன. கடைசி நாடாவின் முறை வந்தபோது டெல்பினாவின் கை நின்றுவிட்டது. நேற்றைய ரொட்டியில் கடைசி நாடாவை மேலேயே பூமாதிரி சுருட்டி அழகு பார்த்திருந்தாள்.

செலின் எட்டிப் பார்த்தாள். "சடை பின்னி முடிச்சா நுனிய உள்ள மடிச்சுத்தான மைனி கட்டுவோம்? அதே மாதிரி அடியில மடிச்சு வச்சிருங்க."

அடியிலா! நாடா பதறியது. அடியில் தட்டு அல்லவா இருக்கிறது!

"வா வா" என்றது தட்டு. "மேல இருக்கதெல்லாம் அழகாச் சிவக்கும். என் மேல படுறதுதான் கருகும்."

பூரணமும் தன் பங்குக்குப் பேசியது. அதற்கும் குரல் நடுங்கியது. "நான் ஒண்ணும் கெட்டவ இல்ல. ஆனா சூடு பட்டா பொங்கிருவேன். எங்க சந்து இருக்கோ அங்க வந்து முட்டுவேன். என்னால அடக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

டெல்பினாவின் விரல் நாடாவை இழுத்து, மடித்து, ரொட்டிக்கு அடியில் செருகியது. மேலே முட்டை தடவினாள். ஓவன் கதவு மூடியது.

உள்ளே ஒரே அனல். அடியில் இருந்த நாடாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டின் சூடு மட்டும் முதுகில் ஏறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூரணம் கொதித்துக்கொண்டு வந்து முட்டியது. மேலே ஒவ்வொரு நாடாவும் அலறியது. "பிடிச்சிக்கோ! விட்டுறாத!" அந்த அலறல் தலையிலிருந்து வால்வரை இறங்கிக் கடைசி நாடாவிடம் வந்து நின்றது.

அதற்கு மேல் அதைக் கடத்திவிட ஆள் இல்லை.

"என்னால முடியாது!" என்று கத்தியது நாடா. "உங்க எல்லாருக்கும் ஆள் இருக்கு. என்னைப் பிடிக்க யாருமே இல்ல! நான் வெளிய போறேன்!"

நுனியை உருவப் பார்த்தது. அசையவில்லை. மறுபடியும் இழுத்தது. அசையவில்லை.

"எங்க போவ?" என்று மேலேயிருந்த நாடா எரிந்து விழுந்தது. ஆறுதல் சொல்லும் நிலையில் அதுவும் இல்லை. "எங்க அத்தன பேர் கனமும் உன் மேலதான கெடக்கு! நீ நெனச்சாலும் போக முடியாது!"

நாடா இழுப்பதை நிறுத்தியது. இவ்வளவு நேரமும் தன்னை நசுக்குகிறதென்று நினைத்த கனம்தான் தன்னை நழுவ விடாமலும் வைத்திருந்தது என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது. புரிந்ததால் சூடு குறையவில்லை. பயமும் குறையவில்லை. முதுகு கருகிக்கொண்டுதான் இருந்தது. பூரணம் முட்டிப் பார்த்து, வழியில்லாமல் திரும்பிப் போனது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் எட்மண்ட் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு துண்டைத் தின்றான். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். "அங்க ஏலக்கா போட மாட்டானுவ. இதுதான் நல்லாருக்கு" என்றான். செலினும் மாமியாரும் நடுத்துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அடி கறுத்த வால் துண்டை யாரும் தொடவில்லை. டெல்பினா அதைக் காகிதத்தில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பெஞ்சு. மூடிய கதவு. டெல்பினா பையை மடியில் வைத்திருந்தாள்.  பைக்குள் காகிதச் சுற்றில் நாடா இருந்தது.

"எனக்கு யாரு இருக்கா?" என்று அவள் முணுமுணுத்தது அதற்குக் கேட்டது.

எழுந்துவிட நினைத்தாள். படியிறங்கி, கேட்டைத் தாண்டி, இந்தக் கதவு கண்ணில் படாத இடத்துக்கு ஓடிவிட வேண்டும். பையை இறுக்கிக்கொண்டு எழப் பார்த்தாள்.

முடியவில்லை. ஒரு தோளில் செலின் முழுதாகச் சாய்ந்து தூங்கியிருந்தாள். இன்னொரு பக்கம் மாமியார் டெல்பினாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, விட்டால் விழுந்துவிடுவதுபோல அவள்மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

டெல்பினா மறுபடி பெஞ்சில் அமர்ந்தாள். கதவு இன்னும் திறக்கவில்லை. பயமும் குறையவில்லை.

அவள்மேல் கிடந்த அந்தக் கனம்தான் அவளை நழுவ விடாமலும் வைத்திருக்கிறது என்று பைக்குள் இருந்த நாடாவுக்குத் தெரியும். அவளிடம் சொல்லத்தான் அதற்கு வழியில்லை.