அவிழ்த்து வைத்த காலணி

கேள்வி கேட்பதற்கு ஏற்ற வேளை அதுவன்று. கடலில் இறங்குவதற்கான ஊதல் ஒலிக்கச் சற்று நேரமே இருந்தது. ஆயினும் பொன்மலர் கேட்டுவிட்டார்.

“மாஸ்டர், இந்த டிரையத்லான்ல அப்படி என்னதான் இருக்கு?”

பயிற்சி தரும் ரொட்ரிகோ மாஸ்டர் பொன்மலருடைய மிதிவண்டிச் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. மாணவியோ ஐம்பதைக் கடந்தவர். தூத்துக்குடியில் மருந்துக்கடை நடத்துபவர். நீச்சல் குளத்தில் பொன்மலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிய முதல் நாளிலேயே அவர் ‘மாஸ்டர்’ ஆனார். இவர் ‘அக்கா’ ஆனார்.

“என்னக்கா திடீர்னு?”

“போன போட்டியில கடைசியா வந்த மனுஷன் அந்தா சிரிச்சிக்கிட்டு நிக்காரு. பரிசு அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. கடல்ல நீந்தி, வெயில்ல வண்டி மிதிச்சு, அதுக்கு மேல ஓட வேற செய்யணும். கோடை பூரா ஞாயித்துக்கிழமை தவறாம வாராங்களே, எதுக்கு?”

அந்தக் கோடைத் தொடரின் இறுதிப் போட்டி அது. முந்தைய போட்டிகள் ஒன்றிலும் பொன்மலர் கடலைத் தாண்டியதில்லை. தொலைவில் ஆடும் ஆரஞ்சு மிதவையைக் கண்டதுமே அவருக்கு மூச்சு முட்டும். காவல் படகு வரும், ஏறிவிடுவார். படகில் ஏறியவருக்கு அன்றைய போட்டி அத்துடன் முடிந்தது. இன்றும் முடிக்காவிட்டால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து கணவர் தங்கராசு குரல் கொடுத்தார். “மலரு, இன்னைக்கும் ஓசிப் படகு சவாரிதானா? நானும் வாரேன்!”

“நீங்க முதல்ல முழங்கால் தண்ணில நின்னு காட்டுங்க!”

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் பார்வை தரையில் விரித்திருந்த துண்டின்மேல் இருந்தது. கடலிலிருந்து வருபவர் வண்டிக்கும், வண்டியிலிருந்து இறங்குபவர் ஓட்டத்துக்கும் மாறிக்கொள்ளும் இடத்தில் அவர்கள் நின்றிருந்தனர். ஒவ்வொருவரும் தம் வண்டியைக் கம்பியில் மாட்டி, அதனடியில் தலைக்கவசமும் காலணிகளும் எடுத்துவைத்திருந்தனர். பொன்மலரின் துண்டில் தலைக்கவசமும், வண்டி மிதிக்க ஒரு பட்டைச் செருப்பும் மட்டுமே கிடந்தன.

“ஓடுற ஷூ எங்கக்கா?”

“கார்ல. பைக்குள்ள இருக்கு.”

“போன போட்டிக்கு?”

“அப்பவும் கார்லதான். முதல்ல கடலைத் தாண்டுவோம் மாஸ்டர். ஷூ அப்புறம்லா.”

சொல்லி முடித்த பிறகே, கார் நிற்பது போட்டி வேலிக்கு வெளியே, நடுவில் போய் எடுக்க முடியாது என்பது அவருக்கு உறைத்தது.

மாஸ்டர் கையை நீட்டினார். பொன்மலர் சாவியைக் கொடுத்தார். ஓடிப்போனவர் பையுடன் திரும்பினார். காலணிகளில் இறுகக் கட்டியிருந்த முடிச்சுகளை அவிழ்த்தார். வாயை அகலப்படுத்தினார். ஈரக்கால் எளிதில் நுழைய உள்ளே பவுடர் தூவினார். ஓட்டப்பாதை தொடங்கும் திசையை நோக்கி இரண்டையும் இணையாக வைத்தார்.

“நான் கேட்டதுக்குப் பதில்?”

ஊதல் ஒலித்தது.

“போங்கக்கா.”

அன்று கடலுக்கும் நல்ல மனநிலை இல்லை. அலை முகத்தில் அறைந்தது. உப்பு தொண்டையில் இறங்கியது. மிதவை வந்தது. கூடவே பழகிய மூச்சுமுட்டல் வந்தது. அதன் பின்னாலேயே படகும் வந்தது.

“வாங்கம்மா. ஏறுதியளா?” வாடிக்கையாளரை வரவேற்பது போலக் கேட்டார் படகோட்டி.

பொன்மலரின் கை படகின் விளிம்பை நோக்கி நீண்டது. கண்ணை மூடினார். துண்டின்மேல் இரண்டு காலணிகள் வாய் திறந்து கிடந்தன. உலை வைத்துவிட்டு வந்தவர் தெருமுனையில் நின்று கதை பேசுவாரா?

நீட்டிய கையை மடக்கினார்.

“இல்லண்ணே. கரையில வேலை கிடக்கு.”

மல்லாந்து மிதந்தார். மூச்சு தன் நிலைக்கு வரும்வரை வானத்தைப் பார்த்தார். பிறகு புரண்டு, மிதவையைச் சுற்றிக்கொண்டு கரையை நோக்கி நீந்தினார்.

கரையேறியவர்களுள் அவரே கடைசி. கம்பியில் அவர் வண்டி ஒன்றே எஞ்சியிருந்தது. மிதித்துத் திரும்பி வந்தபோது கம்பி நிறைய வண்டிகள். தரையிலோ ஓடும் காலணி ஒரே ஒரு சோடி. கால்கள் வழுக்கிக்கொண்டு நுழைந்தன.

ஓட்டத்தில் தொடைகள் அம்மிக்கல்லாய்க் கனத்தன. வெயில் உச்சியைப் பிளந்தது. நடக்கலாம் என்று உடம்பு கெஞ்சியது. அவர் அதனுடன் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

முடிவுக் கோட்டில், போன போட்டியின் கடைசி மனிதர் காத்து நின்றார். “வாங்க, வாங்க! என் இடத்தைப் பிடிச்சிட்டீங்களேம்மா!” என்று கைதட்டினார். வேலியோரம் தங்கராசு இரு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

பொன்மலர் மணலில் அமர்ந்தார். காலணியைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம் போட்டிருந்தது.

“மாஸ்டர், இப்பவாவது சொல்லுங்க. இதுல என்னதான் இருக்கு?”

மாஸ்டர் குனிந்து குதிகாலைப் பார்த்தார்.

“பவுடர் பத்தலைக்கா. அடுத்த கோடைக்குக் கொஞ்சம் கூடப் போடுவோம்.”