வெள்ளைக்கல்லருகே விலகிய பன்றி

நாணலேரிக் கரையில் ஆள்காட்டிக் குருவி தித்திலியால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நாலு எட்டு முன்னே ஓடினாள். மூன்று எட்டு பின்னே ஓடினாள். கழுத்தை நீட்டி ஏரிக்குள்ளே பார்த்தாள். மறுபடி ஓடினாள்.

"கொஞ்சம் உட்காரேன் தங்கச்சி! உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது!" என்றான் கீரி நீள்வாலன்.

"உட்கார்றேன் அண்ணே" என்றாள் தித்திலி. ஆனால் உட்காரவில்லை.

கோடையில் ஏரி வற்றியதும் அதன் நடுவில் பனங்காய் ஆட்டம் தொடங்கிவிடும். வடகரை ஒரு அணி, தென்கரை ஒரு அணி. பனங்காயைக் கொம்பில் குத்தியோ பல்லில் கவ்வியோ எடுத்துக்கொண்டு ஓடி, எதிர்க்கரையில் வைக்க வேண்டும். வழியில் எதிரணியார் மேலே விழுந்து அமுக்கலாம். ஆறு முறை மண்ணைக் கவ்வினால் காயைக் கொடுத்துவிட வேண்டும். கோடை முழுக்க ஏரியில் ஒரே புழுதி!

நாலு கோடைக்கு ஒரு முறை, ஆடுவதை விட்டு ஓய்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் பெரிய மரியாதை உண்டு. மடையின் பக்கத்தில் மழை படாத ஒரு பாறைக்குடைவு இருக்கிறது. அங்கே ஏரிக் களிமண்ணைக் குழைத்துப் பரப்புவார்கள். தேர்வானவர் அதில் காலைப் பதிப்பார். மாலை வெயில் பட்டு மண் செங்கல்லாக இறுகிவிடும். அந்தத் தடம் அழியவே அழியாது. இதுவரை மூன்று தடங்கள்தான். ஒரு யானையுடையது, ஒரு நீர்நாயுடையது, ஒரு குழிமுயலுடையது.

நாலாவது யாருக்கு? அதைச் சொல்லத்தான் நால்வர் கூடியிருந்தார்கள். தலைவி எருமை மேதியக்கா. மருதமரத்தில் கோடு கிழித்து ஆட்டக் கணக்கு வைக்கும் குரங்கு கருமுகன். நீள்வாலன். நாலாவது தித்திலி. ஆட்டத்தில் காய் நழுவினால் கத்துவது அவள் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் கூட்டத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"மான் கிளைக்கொம்பன்!" என்றான் கருமுகன். "மரத்தைப் பாருங்க. அவன் பேருக்கு எழுபத்திரண்டு கோடு!"

"அந்தக் கடைசி ஓட்டத்தை மறக்க முடியுமா?" என்றான் நீள்வாலன். "ஏரியோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தனியா ஓடினானே!"

"எனக்கும் மான்தான்" என்றாள் மேதியக்கா, அசைபோட்டபடி. "தித்திலி, நீ?"

நால்வரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

தித்திலி வாயைத் திறந்தாள். மூடினாள். "கொஞ்சம் யோசிக்கணும் அக்கா!"

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. கிளைக்கொம்பன்தான். காலையிலேயே குளித்து, குளம்பைப் புல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தான்.

யோசிக்க நிறைய இருந்தது.

நாலு கோடைக்கு முன் நடந்தது கிளைக்கொம்பனின் அந்தக் கடைசி ஆட்டம். வடகரையின் காட்டுப்பன்றி வளைகோடன் காயைக் கோரைப்பல்லில் குத்திக்கொண்டு பாய்ந்து வந்தான். எதிரே ஒருவரும் இல்லை. இன்னும் இருபது எட்டு வைத்தால் வெற்றி! ஆனால் தென்கரைக்குப் பக்கத்திலிருக்கும் வெள்ளைக்கல்லருகே அவன் சட்டென்று இடப்பக்கம் விலகினான். கால் மடங்கியது. காய் உருண்டது. துரத்தி வந்த தென்கரையார் மேலே விழுந்து அமுக்கினார்கள். கிளைக்கொம்பன் காயைக் கொம்பில் குத்திக்கொண்டு பறந்தான். ஊரே எழுந்து நின்றது.

அன்றோடு வளைகோடன் ஆட வரவில்லை. குட்டிகள்கூட அவனை 'விலகுகோடன்' என்று கூப்பிட்டன. துரத்தி வந்தவர்களைக் கண்டு பயந்தான் என்றார்கள். வெயிலில் கண் இருண்டது என்றார்கள்.

ஏன் விலகினான் என்பது தித்திலிக்கு மட்டுமே தெரியும். வெள்ளைக்கல்லின் அடியில், வெறும் மண்ணில், அவளுடைய நாலு முட்டைகள் இருந்தன. அவன் குளம்பு அவற்றின் மேல் இறங்க ஒரு விரற்கடை தூரம்தான் பாக்கி. அப்போதுதான் அவன் பார்த்தான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவன் விலகிய இடத்தை எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள். காரணத்தைச் சொன்னால் இடமும் தெரிந்துவிடும். முட்டையின் புள்ளிக்கும் நிறத்துக்கும் ஒத்துப்போகும் கற்கள் அவளுக்குத் தெரிந்து ஏரியில் அங்கே மட்டும்தான் கிடக்கின்றன. ஒவ்வொரு கோடையும் அவள் அங்கேதான் முட்டையிடுகிறாள்.

இதோ, இப்போதும் அங்கே நாலு முட்டைகள் இருந்தன. துணைவனைப் போன மாதம் பருந்து கொண்டுபோய்விட்டது. அவள் ஒருத்திதான் காவல். முட்டைகளுக்குள்ளிருந்து விடியற்காலையிலேயே கீச்சுக் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். புதருக்குள் ஓடிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இன்று ஒரு பொழுது தாண்டினால் போதும்!

ஆனால் களிமண்ணுக்கும் இன்று ஒரு பொழுதுதான். எதிரில் உட்கார்ந்து கால் நகத்தை நக்கிக்கொண்டிருக்கிறவனோ முட்டை என்றால் விடாத கீரி.

"மண் காயப்போகுது தங்கச்சி" என்றான் நீள்வாலன்.

"நனைச்சுட்டு வரேன் அண்ணே!" என்று சொல்லி அவள் பறந்தேவிட்டாள்.

நாணல் புதரின் ஓரம் கொஞ்சம் சேற்றுநீர் மிச்சமிருந்தது. தித்திலி அதில் இறங்கி வயிற்றுச் சிறகை நன்றாக நனைத்தாள். கடும் வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க ஆள்காட்டிகள் இப்படித்தான் நீர் சுமப்பார்கள்.

சேறு அசைந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு சிறிய கண்கள் திறந்தன.

"என்ன புள்ள, பரபரன்னு இருக்கே?" என்றான் வளைகோடன்.

"அண்ணே! மானுக்குக் கொடுக்கப்போறாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிடட்டுமா?"

"வாயை மூடு! குழுவில கீரி இருக்கான். புத்தி இருக்கா உனக்கு?"

"உங்களை விலகுகோடன்னு கூப்பிடறாங்களே!"

"கூப்பிடட்டும். என் காது தடிச்ச காது. போ, முட்டையைப் பாரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தித்திலி சிறகை விரித்தாள்.

"ஏ புள்ள" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மெதுவான குரல். "இந்தத் தடவை மண்ணு எப்படி? நல்லாக் குழைவா இருக்கா?"

தித்திலி மறுபடி நீரில் இறங்கி இன்னும் நன்றாக நனைந்துகொண்டாள். 

அதன் பிறகு அவளுக்கு ஓட்டமோ ஓட்டம்! பாதி நீரை முட்டைகள் மேல் தேய்த்தாள். மீதியைக் குடைவுக்குக் கொண்டுபோய்க் களிமண் மேல் உதறினாள். திரும்பப் பறந்தாள். திரும்ப நனைந்தாள்.

"மண்ணுக்கு ஏன் இவ்வளவு உபசாரம்?" என்று கேட்டான் கருமுகன்.

"யோசிச்சு முடிக்கிற வரைக்கும் காயக்கூடாதில்ல!"

"நீ யோசிக்கிறதா? பறக்கிறதா?"

நீள்வாலன் சிரிக்கவில்லை. அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். ஈரம். பிறகு ஏரியைப் பார்த்தான். அடுத்த முறை அவள் கிளம்பியபோது, வாலைத் தாழ்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

தித்திலி அதைக் கண்டுவிட்டாள்.  வெள்ளைக்கல்லுக்குப் போகாமல் வலப்பக்கம் திரும்பி, தூரத்தில் ஒரு வெறுந்தரையில் இறங்கினாள். அங்கே அடைகாப்பது போல் வயிற்றைப் பரப்பி உட்கார்ந்தாள்.

நீள்வாலன் சுற்றிச் சுற்றி வந்தான். "எழுந்திரு தங்கச்சி, உனக்குக் கீழே என்ன இருக்குன்னு பார்க்கலாம்!"

"மண்ணு அண்ணே."

அவன் பாய்ந்தான். அவள் பறந்தாள். கீழே மண்தான் இருந்தது. அவன் ஒரு முறை தும்மிவிட்டுத் திரும்பி நடந்தான். அவள் வெள்ளைக்கல்லுக்கு வந்தபோது முட்டைகள் சூடேறிக் கிடந்தன.

ஒன்று அசைந்தது. ஓடு உடைந்தது! ஈரக் குஞ்சு ஒன்று வெளியே வந்து விழுந்தது. அடுத்து இன்னொன்று. வெயில் சாய்வதற்குள் மூன்று குஞ்சுகள் குச்சிக்காலில் தள்ளாடி நின்றன.

"ஓடுங்க! நாணலுக்குள்ளே ஓடுங்க!" என்று தித்திலி கிசுகிசுத்தாள். அவை ஓடின.

நாலாவது முட்டையில் ஒரு கீறல் மட்டுமே விழுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மேதியக்காவின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. "தித்திலி! வா இங்கே!"

வெயில் குடைவுக்குள் நுழைந்துவிட்டது. களிமண்ணின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

"இனிமே பொறுக்க முடியாது" என்றாள் மேதியக்கா. "சூரியன் மருதமரத்துக்குக் கீழே இறங்கும்போது நீ பேசாம இருந்தா, சம்மதம்னு எடுத்துக்குவேன்."

சூரியன் மரத்தின் உச்சியில் இருந்தது. பிறகு கிளையில். கிளைக்கொம்பன் உள்ளே வந்தான். முன்காலைத் தூக்கினான்.

தித்திலி ஏரியைப் பார்த்தாள். அந்த ஒரு முட்டை இன்னும் பொரிக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். அதுதான் அவளுக்குப் பழக்கமும்கூட. இத்தனை கோடையாக ஒரு நிழல் அசைந்தாலும் கத்தியவள், கத்த வேண்டிய ஒன்றை மட்டும் கத்தாமலே இருந்துவிட்டாள். 'நல்லாக் குழைவா இருக்கா?' என்று அவன் கேட்டது மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

குளம்பு மண்ணை நோக்கி இறங்கியது.

"வேண்டாம்!" என்று கத்தினாள் தித்திலி. இரண்டு கரைக்கும் கேட்கும் கத்தல். "வளைகோடன் அண்ணன் பயந்து விலகல! வெள்ளைக்கல்லுக்குக் கீழே என் முட்டைங்க இருந்துச்சு! மிதிக்கக்கூடாதுன்னுதான் விலகினாரு!"

கிளைக்கொம்பனின் குளம்பு மண்ணுக்கு மேலேயே நின்றது.

"வெள்ளைக்கல்லா?" என்றான் நீள்வாலன். அடுத்த நொடி அவன் அங்கே இல்லை.

தித்திலி அலறிக்கொண்டு பின்னால் பறந்தாள். கீரி வேகமாக ஓடினான். அவள் அவன் தலையில் கொத்தினாள். அவன் நிற்கவில்லை. வெள்ளைக்கல்லுக்கு முப்பது எட்டு. இருபது எட்டு.

அப்போது நாணல் புதர் பிளந்தது!

சேறு தெறிக்க வளைகோடன் வெளியே வந்தான். நாலு கோடையாக ஓடாத கால்கள். ஆனாலும் ஏரி அதிர்ந்தது. கரையில் இருந்தவர்களுக்கு மயிர் கூச்செறிந்தது. அதே பாய்ச்சல். அதே வழி. வெள்ளைக்கல்லருகே வந்ததும், அதே இடத்தில், அதே போல் சட்டென்று இடப்பக்கம் விலகினான். இந்த முறை விழவில்லை. மூக்கால் நீள்வாலனை அள்ளி ஒரு வீசு வீசினான். கீரி மூன்று குட்டிக்கரணம் போட்டு முகம் குப்புற விழுந்தான்.

"ஒரு முறை மண்ணைக் கவ்விட்டே" என்றான் வளைகோடன், மூச்சு வாங்க. "இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு. வர்றியா?"

நீள்வாலன் வரவில்லை. வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு வேறு பக்கம் நடந்தான்.

பன்றியின் நாலு கால்களுக்கு நடுவே முட்டை ஓடு உடைந்தது. நாலாவது குஞ்சு தலையை நீட்டி, மேலே தெரிந்த சேற்று வயிற்றைப் பார்த்து "கீச்!" என்றது.

கருமுகன் மருதமரத்தைப் பார்த்தான். எழுபத்திரண்டு கோடுகளையும் பார்த்தான். "இதுக்கெல்லாம் நான் கோடு போடலியே" என்றான்.

கிளைக்கொம்பன் தூக்கிய காலை மெல்லப் பின்னால் எடுத்தான். "அன்னிக்கு நான் எடுத்துக்கிட்டு ஓடினது அவர் கீழே போட்ட காய்" என்றான். அதைச் சொல்ல அவனுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழிவிட்டு நின்றான்.

"எனக்கு வளைகோடன்" என்றாள் மேதியக்கா. "எனக்கும்" என்றான் கருமுகன். தலையில் புழுதியோடு திரும்பி வந்த நீள்வாலனை எல்லோரும் பார்த்தார்கள். "என்ன பார்க்கிறீங்க? அவன் எப்படி அடிப்பான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்கும் அவன்தான்!" என்றான் அவன், விலாவைத் தடவிக்கொண்டே.

குஞ்சைப் புதருக்குள் சேர்த்துவிட்டுத் தித்திலி ஓடி வந்தாள். வளைகோடன் குடைவின் வாசலில் தயங்கி நின்றான். "மண்ணு காஞ்சிருக்குமே" என்றான்.

"மிதிச்சுப் பாருங்க அண்ணே."

அவன் காலை வைத்தான். களிமண் நெகிழ்ந்து, குளம்பு முழுவதையும் அழகாக வாங்கிக்கொண்டது.

"அடுத்த கோடைக்கு அந்தக் கல்லுப் பக்கம் நீ போக முடியாதே" என்றான் வளைகோடன். "என் சேத்துக்குப் பக்கத்திலேயும் நாலு கல்லு கிடக்கு. வந்துடு. அங்கே கீரி வரமாட்டான்."

வெல்வதற்காகக்கூட எதை மிதிக்க மறுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவரின் பெருமை முழுதாகத் தெரியும். அதைக் கண்டவர் துணிந்து வாய் திறந்தால்தான் அது ஊருக்கும் தெரியும்.