இனிப்புப் பூசாத அடுப்படி

ஆற்றங்கரைச் சந்தையின் வாசலில், மீன் விற்கும் பெண்களுக்கும் செருப்புத் தைக்கிறவருக்கும் நடுவே, தள்ளுவண்டியில் ஜவ்வு மிட்டாய் விற்றுப் பிழைத்தார் குவான் ஷோயி என்ற அடியார். சீன தேசத்து மிட்டாய்க்காரருக்கு அடியார் பட்டமா என்று யாரும் புருவத்தைத் தூக்க வேண்டாம். கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள். நாம் அவரைக் குவானார் என்றே அழைப்போம்.

அந்த ஊர் வீடுகளில் அடுப்புக்கு மேலே காகிதத்தில் அச்சிட்ட ஒரு சாமி படம் ஒட்டியிருக்கும். அவர் அடுப்படிச் சாமி. வருடம் முழுக்க வீட்டில் நடப்பதைப் பார்த்திருந்து, புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால் மேலுலகம் போய், அங்குள்ள ராஜாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டியது அவர் வேலை. படத்தை எரித்தால் புகையோடு புகையாகக் கிளம்பிவிடுவார். ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? எரிப்பதற்கு முன் அவர் உதட்டில் ஜவ்வு மிட்டாயைப் பூசிவிடுவார்கள். வாய் ஒட்டிக்கொள்ளும், தப்பித் திறந்தாலும் இனிப்பாகத்தான் பேச வரும்.

ஊருக்கெல்லாம் அந்த மிட்டாயை விற்ற குவானார், தம் வீட்டுச் சாமிக்கு மட்டும் ஒரு துளி பூசியதில்லை. சாயங்காலம் கைகால் கழுவி, ஊதுபத்தி கொளுத்திவைத்து, அன்றைய செய்தியைச் சாமியிடம் சொல்வார். இன்ன தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, இன்னாரைப் போலீஸ் கூட்டிப்போனது, மீன்காரம்மா மகளுக்குப் பெண் குழந்தை. தாம் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்வார். தமக்கென்று எதையும் கேட்க மாட்டார். அதுதான் அவருடைய பூஜை.

மனிதர்களுக்குச் செய்தி சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. ஒரு காலத்தில் அவர் ஊர்ப் பத்திரிகையின் நிருபர். மேல்கரைச் சாயத் தொழிற்சாலை தன் கழிவை ஆற்றில் விட்டதையும், கீழ்க்கரைக் கிராமங்களில் பிள்ளைகள் படுக்கையில் விழுந்ததையும் எழுதினார். தொழிற்சாலை பெரிய இடத்துச் சொத்து. வதந்தி பரப்பினார் என்று சொல்லி ஜெயிலில் போட்டார்கள். அவர் உள்ளே இருந்தபோது மனைவி நோயில் இறந்துபோனார். கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை, பாவிகள். வெளியே வந்தவரிடம், இனி ஒரு வரி எழுதக்கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதார். பிறகு அடுப்பை மூட்டி, மனைவி இறந்த செய்தியை முதல் செய்தியாகச் சாமியிடம் சொன்னார்.

இனி தாங் பெய்லினைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கதையில் பாதி அவன் கதை. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள். தாங்குக்குப் படிப்பு அதிகம், நடை அழகு. ஆனால் டீக்கடைக்குப் போனால் ஜனங்கள் குவானார் பக்கமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். தாங்கைக் கண்டால் பேச்சை நிறுத்தி, வானிலையைப் பற்றி விசாரிப்பார்கள். அன்றைக்கே அவன் வயிற்றில் நெருப்புப் பற்றிக்கொண்டது.

குவானார் எழுதியது பொய் என்று தலையங்கம் எழுதியவன் தாங்தான். அதற்குக் கூலியாக ஆசிரியர் நாற்காலி கிடைத்தது. வீடு வந்தது, கார் வந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை. சந்தை வழியாகப் போகும்போது காரை மெதுவாக ஓட்டச் சொல்வான். மீன்காரம்மா எதையோ சொல்ல, குவானார் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். ‘என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லையே! இவனிடம் மட்டும் என்ன இருக்கிறது?’ என்று மனசு காந்தும். எல்லாம் இருக்கிறவன் ஒன்றுமில்லாதவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் என்றால் அந்தக் கொடுமையை என்னவென்பது! குவான் வாயிலிருந்து ஒரே ஒரு பொய் வரவேண்டும், வந்தால் நானும் அவனும் சமம் என்று அவன் நினைத்தான். அதற்காகவே காத்திருந்தான்.

தொழிற்சாலையைப் பெரிதாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. பழைய கட்டுரையைச் சொல்லி ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. குவானைச் சரிக்கட்டுகிறேன் என்று மேலிடத்தில் ஏற்றுக்கொண்டு, சாமி கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் தாங் வண்டியருகே வந்து நின்றான்.

"ஊர்ல இருக்கிற சாமி வாயையெல்லாம் நீயே அடைக்கிறியே, உனக்கே சிரிப்பா இல்லையா?"

"நான் இனிப்பு விக்கறேன் தாங். அதை எங்க பூசணும்கறது வாங்கறவங்க இஷ்டம்."

"சரி விடு. ஊர்மன்றக் கூட்டத்துல வந்து, அன்னிக்கு எழுதினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பழைய மேஜை, பென்ஷன், வீடு, எல்லாம் வாங்கித் தரேன்."

குவானார் யோசித்தார். "தண்ணி சரியாயிடுச்சா?"

"அதை எதுக்குக் கேக்கறே?"

"சரியாயிருந்தா சந்தோஷமா வந்து சொல்றேன்."

தாங்குக்குச் சுருக்கென்றது. "ஜெயில்ல இருந்தது பத்தலையா உனக்கு?"

"போதும் போதும்னு ஆயிடுச்சுப்பா. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா பொய் சொல்லிட்டு, சாயங்காலம் அடுப்படியில போய் என்னத்தைச் சொல்லுவேன்?"

பயப்படுகிறவனுக்கே இந்தத் திமிரா என்று கொதித்துப்போன தாங், ஒரு போன் போட்டான். மிட்டாயோடு வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குவானார் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் தாங் வீட்டில் வழிபாடு. ஒரு பொய்யை மறைக்க ஒரு விரல் மிட்டாய் போதும். அவன் டப்பாவையே கவிழ்த்தான். சாமியின் முகம் முழுக்கப் பிசுபிசுத்தது. தீக்குச்சியைக் கிழித்து வைத்தான். பற்றவில்லை. மறுபடி வைத்தான், அணைந்தது. மனைவி யூலான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊர் கீழ்க்கரை. அவள் அண்ணன் மகன் அந்தத் தண்ணீரைக் குடித்துப் படுத்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவு பூசினா எப்படிப் பத்தும்? சாமிக்கே மூச்சு முட்டுது," என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "எங்க போறே?" என்று கத்திக்கொண்டு தாங்கும் பின்னால் ஓடினான்.

குவானார் வீட்டு வாசலில் கூட்டம். வண்டி பறிபோனதால் ஏழைத் தெருக்களில் மிட்டாய் இல்லை. வீட்டில் மிச்சம் இருக்குமா என்று கேட்க வந்த மீன்காரம்மா, பூசாத சாமியைப் பார்த்தாள். "அண்ணே, உங்க சாமிக்கு வாய் திறந்திருக்கு. நாங்க சொல்றதையும் இவரே மேல போய்ச் சொல்லட்டும்" என்றாள். அது காதோடு காதாகப் பரவி, தெரு முழுக்க ஜனம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவராக அடுப்பருகே போய், பயந்து பயந்து வாயைத் திறந்தார்கள். அதைப் பார்த்த தாங்குக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. சாமிகூட இவன் வீட்டில்தான் காது கொடுக்க வேண்டுமா?

யூலான் படத்தை நீட்டினாள். "அண்ணா, எங்க சாமி எரிய மாட்டேங்குது."

குவானார் தாங்கைப் பார்த்தார். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றித் துணியை நனைத்து, சாமியின் உதட்டை மெல்லத் துடைத்தார். அடுப்போரம் படத்தைக் காயவைத்து, "வா தாங். உனக்கும் சொல்ல இருக்குமே" என்று நகர்ந்து இடம் விட்டார்.

திட்டியிருந்தால் தாங் தப்பித்திருப்பான். அவர் நகர்ந்து இடம் விட்டதுதான் அவனை உடைத்தது. எத்தனையோ வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த வாய் திறந்தது.

"குவான் எழுதினது எல்லாம் நிஜம். தெரிஞ்சும் நான்தான் பொய்னு எழுதினேன். பொறாமை... இவன்மேல பொறாமை."

தீக்குச்சி தொட்டதும் தாங் வீட்டுப் படம் குப்பென்று பற்றியது. புகை அறையில் சுழலாமல் நேராக மேலே போனது. கூட்டம் கைகூப்பியது. காகிதம் காய்ந்ததால் பற்றியது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சாமி தம் அடியவர் வீட்டிலிருந்துதான் புறப்பட்டார் என்று ஊரே சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்வேன்.

மேலிடம் சும்மா இருக்குமா? இருவரையும் அள்ளிக்கொண்டு போனது. பல மாதம் கழித்துத் திரும்பியபோது தாங்குக்கு நாற்காலி இல்லை, கார் இல்லை. குவானார் மறுபடி சந்தை வாசலில் மிட்டாய்க் கடை போட்டார்; அவர் பக்கத்திலேயே தாங் வேர்க்கடலை விற்க உட்கார்ந்தார். ஆமாம், இனி நாமும் அவரை ‘அவர்’ என்போம்.

ஒருநாள் குவானார் எங்கோ போயிருந்த நேரம். மீன்காரம்மா வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஸ்டூலைத் தாங் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, "அண்ணே, ஒரு சேதி. ஆத்துல இன்னிக்கும் தண்ணி செவப்பா வருது" என்றாள்.

தாங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீயே பாத்தியாம்மா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று குனிந்து கேட்டார்.

சாமியின் வாயைக் கட்டாத குவானாரின் கைகளுக்கும், பொறாமைக்காரனுக்கும் நகர்ந்து இடம் விட்ட அவருடைய மனசுக்கும் நம் வணக்கம்.