மூலைக்கு மூலை

வாசல் கேட்டின் கொக்கி விழுந்த சத்தம் பிறவிப்பெருமாளுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் கோமதி, தான் விரும்பியவனோடு வாழ வீட்டை விட்டுப் போன நாளில் கேட்ட சத்தம். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சில வருடங்கள் போயின. தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆசிரமத்துக்குப் போய்வர ஆரம்பித்தார். அதை நடத்திவந்த பெண் துறவி நல்லம்மை அவரைவிட வயதில் மிக இளையவள். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஆசிரமத்துச் சமையலறைக்குப் புதுக் கூரை போட வேண்டியிருந்தது. ஒரு குட்டியானை சரக்கு வண்டியைப் பேசிக்கொண்டு இருவரும் மரக்கடைக்குப் போனார்கள். வழியில் அவர் தன் சங்கடத்தைச் சொன்னார். கோமதி உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர ஆசைப்படுகிறாள். ஆனால் கணவனும் வந்து தங்கலாம் என்றால்தான் வருவாளாம். அவர் மனைவி சாப்பிடாமல் கிடக்கிறாள்.

“அவ மட்டும் வரட்டும்னு சொல்லலாம்னு இருக்கேன். வேற சாதிக்காரன். அவனை வீட்டுக்குள்ள எப்படிம்மா வைக்க? எனக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு.”

அதற்குள் வண்டி மரக்கடை வாசலில் நின்றது.

கடையில் ஓடுகளையும் சிமெண்டு மூட்டைகளையும் பிறவிப்பெருமாள் பக்கத்தில் நின்று ஏற்றச் செய்தார். ஒரு மூட்டைகூட வரிசை பிசகவில்லை. கடைசியாக, கூரை உச்சிக்கான முகட்டு மரம் வந்தது. வண்டியின் நீளத்தைவிட அரை முழம் கூடுதல். பின்கதவு மூடவில்லை. கதவு திறந்து கிடந்தால் செக்போஸ்டில் பிடித்துக்கொள்வார்கள் என்றான் டிரைவர் இசக்கி.

“வண்டியை இழுத்து நீட்ட முடியாது பெரியவரே. மரத்தைத்தான் குறைக்கணும்.”

அவருக்கும் அதுவே சரியென்று பட்டது. அறுத்துவிட்டு, கூரையில் ஏற்றும்போது ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றபடி, அறுப்பவனைக் கூப்பிடப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது நல்லம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிமேல் நின்றிருந்தாள். ஓடுகளையும் மூட்டைகளையும் அவளும் இசக்கியும் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி காலியானதும், மரத்தின் ஒரு நுனியை முன்பக்க இடது மூலையில் முட்டக் கொடுத்தாள். மறு நுனியைப் பின்பக்க வலது மூலைக்குத் தள்ளினாள். மரம் அடங்கியது. கதவு மூடிக்கொண்டது.

சாமியாராவதற்கு முன்னால் லாரி ஷெட்டில் இருந்தீர்களா என்று இசக்கி கேட்டான். அவள் சிரித்தாள்.

பிறவிப்பெருமாள் தரையில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் கலைச்சுப்புட்டீங்களேம்மா.”

“ஆமா அண்ணாச்சி. மரத்துக்கு ஒண்ணும் ஆகலை.”

மரத்துக்கு இரண்டு பக்கமும் கிடைத்த இடத்தில் ஓடுகளும் மூட்டைகளும் கோணலும் மாணலுமாக ஏறின. வண்டி வெகுதூரம் போனது. பிறகு, புரிந்துவிட்டது என்றார் பிறவிப்பெருமாள். கூரை வேலை முடியட்டும், இருவரையுமே வரச் சொல்லிவிடுகிறேன் என்றார். இன்றைக்கே சொல்லக்கூடாதா என்று அவள் கேட்டாள். முன்னறையை ஒழிக்க வேண்டும், சொந்தக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நாள் ஆகும் என்றார்.

கூரை ஏறியது. முன்னறையையும் ஒழித்தார். சொந்தக்காரர்களில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டார். அதன்பிறகுதான் மகளுக்குப் போன் செய்தார். கோமதி குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். இங்கே கோவில்பட்டியிலேயே பிரசவத்துக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, இனி அலைய வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவர் ஆசிரமத்துக்கு வந்தார். நல்லம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“இப்ப இடம் இருக்கும்மா. ரெண்டு பேருக்குமே இருக்கு. வரமாட்டேங்கா.”

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“மரம்னா கடையிலேயே கிடக்கும் அண்ணாச்சி, நாம வண்டி கொண்டு போற வரைக்கும்.”

ஐப்பசியில் கோவில்பட்டியில் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் நாக்கில் முதல் சீனித்தண்ணீரைத் தொட்டு வைத்தவர் அவள் மாமனார்.