கூடு கட்டக் கற்றுக்கொடுத்த குயில்

ஒரு காட்டில் கைப்பேசிக் கோபுரம் ஒன்று முளைத்தது. முளைத்த ஆறே மாதத்தில் முயலிலிருந்து மயில் வரை எல்லாரிடமும் கைப்பேசி வந்துவிட்டது. குரங்குகள் சமையல் வீடியோ போட்டன. மயில் தோகையைப் படமெடுத்துப் போட்ட பிறகுதான் இரை தேடவே போனது. ஆமைகூட ஒரு பிளாக் எழுதியது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

அந்தக் காட்டில் எல்லாரையும்விடப் பெயர் வாங்கியவன் குழலன் என்ற குயில். அவன் நடத்திய பக்கத்தின் பெயர் 'கூடு கட்டலாம் வாங்க'. 'மூன்றே நாளில் கனவுக் கூடு', 'பெண்பறவைகள் கூட்டில் முதலில் பார்ப்பது எதை?' என்று நாளுக்கொரு போஸ்ட் போடுவான். குரலோ தேனாக இருக்கும். கேட்ட பறவைகள் அப்படியே சொக்கிப் போயின.

குழந்தைகளே, குயில் தன் ஆயுளில் ஒரு குச்சியைக்கூட எடுத்து வைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காட்டுப் பறவைகளுக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றுக்காவது அது நினைவு வந்ததா? வரவில்லை. யாராவது இனிமையாகப் பேசிவிட்டால் போதும், அவற்றுக்கு மற்றதெல்லாம் மறந்து போகும்.

ஆனி மாதக் கடைசி. சிறுமணி என்ற பெண் தூக்கணாங்குருவிக்கு முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது. தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து நாரை இழுத்துப் பார்க்கும், சுவரைக் கொத்திப் பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பேசாமல் பறந்துவிடும். அது தங்கினால்தான் ஆண்குருவி மீதிக் கூட்டைக் கட்டும்.

பாழுங்கிணற்றின்மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் மஞ்சன் என்ற ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு ஆர்ப்பாட்டமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிறுமணி உள்ளே போய்ப் பார்த்தாள். பின்னல் நெருக்கமாக இருந்தது. விளிம்பைச் சுற்றி ஆவாரம்பூ செருகியிருந்தான். ஆனால் உட்சுவரில் மண் இல்லை.

தூக்கணாங்குருவிகள் ஈரக் களிமண்ணை உருட்டிக் கொண்டுவந்து கூட்டின் உட்சுவரில் அப்பி வைப்பது வழக்கம். அந்தக் கனம்தான் காற்றில் கூடு சுழலாமல் பிடித்து நிறுத்தும். மண் இல்லாத கூடு வெறும் ஊஞ்சல்.

"மண் எங்க?" என்று கேட்டாள் சிறுமணி.

"மண்ணா? அதெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்ல. மண் வச்சா படத்துல அழுக்குத் திட்டா தெரியுதுன்னு குழலன் அண்ணன் சொல்லியிருக்காரு. பூதான் இப்ப ட்ரெண்ட்."

"கூட்டுல குடியிருக்கப் போறது நானா, உன் படமா?"

"கோவிச்சுக்காத, சிறுமணி. கட்டினா மட்டும் போதாது, நாலு பேர் கண்ணுல படணும். இங்க பாரு, என் கூட்டுக்கு ஆயிரத்து இருநூறு லைக்! இந்த மரத்துலயே எனக்குத்தான் அதிகம்."

சிறுமணி பேசாமல் பறந்தாள். அடுத்த கூட்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். அந்த மரத்தில் ஒன்பது கூடுகள் இருந்தன. ஒன்பதிலும் பூ இருந்தது, ஒன்றில்கூடப் பொட்டு மண் இல்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நேராகக் குழலனைத் தேடிப் போனாள். ரசிகர்கள் கொண்டுவந்து குவித்த ஆலம்பழங்களுக்கு நடுவே அவன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, கூட்டுக்கு மண் வேண்டாம்னு எழுதினீங்களா?"

"வேண்டாம்னு நான் எங்கம்மா எழுதினேன்? மண் வச்ச கூட்டைவிடப் பூ வச்ச கூட்டை மூணு மடங்கு பேர் ஷேர் பண்றாங்கன்னு எழுதினேன். அது உண்மைதானே, தங்கச்சி?"

"எத்தனை பேர் ஷேர் பண்ணாங்கன்னு கேட்டுட்டுத்தான் ஆடிக் காத்து அடிக்கப் போகுதா?"

"எதுக்கெடுத்தாலும் குறை சொல்லாத. உலகம் மாறிட்டு இருக்கு. நீயும் கொஞ்சம் மாறு" என்று சிரித்தான் குழலன்.

அன்று சாயங்காலமே புதிய போஸ்ட் வந்தது. 'காலத்தோடு ஒத்துப்போகாத பெண்குருவியைச் சமாளிப்பது எப்படி?' அதில் சிறுமணியின் பெயர் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறான் என்று காட்டுக்கே புரிந்தது. 'பழைய பஞ்சாங்கம்' என்று கமென்ட் போட்டது மைனா. 'இவளுக்கு எவன் கூடு கட்டுவான்?' என்றது கிளி. இரண்டும் சிறுமணியோடு ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கிற பறவைகள்.

படித்துப் படித்து அவள் மனம் கொதித்தது. ஆனால் முட்டை அவள் கோபம் ஆறும்வரை காத்திருக்குமா? இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. மற்றப் பெண்குருவிகள் பூவைப் பார்த்து மயங்கி ஆளுக்கொரு கூட்டில் குடியேறிவிட்டன. மஞ்சன் மறுபடியும் வந்து கெஞ்சினான்.

"நீ வந்து இரு, சிறுமணி. காத்துக்கு முன்னாடி சத்தியமா மண் வச்சுத் தர்றேன். இந்தப் படம் இன்னும் ஒரு வாரம் ஓடட்டும், அவ்வளவுதான்."

வேறு வழியில்லாமல் சிறுமணி சரி என்றாள். மஞ்சன் மீதிக் கூட்டையும் நீண்ட வாசல் குழாயையும் பின்னி முடித்தான். அவள் வெள்ளை வெளேரென்று மூன்று முட்டைகள் இட்டாள்.

அடைகாக்கிற குருவி எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும். அதனால் மண்ணெடுக்க அவளே போகவும் முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தினமும் கேட்டாள்.

"இன்னைக்காவது மண் வைப்பியா?"

"நாளைக்கு வைக்கிறேன். இன்னைக்கு 'அழகுக் கூடு' போட்டி. ரெண்டாவது இடத்துல இருக்கேன்!"

மறுநாளும் இதே பதில்தான். அதற்கு மறுநாள் அவன் படம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் அவன் கைப்பேசியிலிருந்து தலையே தூக்கவில்லை.

ஆடி ஐந்தாம் நாள், உச்சி வேளையில் காற்று வந்தது.

கூடு பம்பரம் போலச் சுழன்றது. சிறுமணி நகங்களால் நாரைப் பற்றிக்கொண்டு, வயிற்றால் முட்டைகளை அழுத்திப் பார்த்தாள். கூடு தலைகீழாகப் புரண்டது. முதல் முட்டை வாசல் குழாய் வழியாக உருண்டு வெளியே விழுந்தது. இரண்டாவதைச் சிறகால் தடுத்தாள். அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது எப்போது போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை. காற்று நின்றபோது ஒன்பது கூடுகளில் ஒன்றில்கூட ஒரு முட்டையும் மிஞ்சவில்லை. எல்லாம் பாழுங்கிணற்றுக்குள் போயிருந்தன.

மஞ்சன் எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தான். "நான் நெனைக்கவே இல்ல…" என்று ஆரம்பித்தான்.

"என் கண்ணு முன்னாடி நிக்காத, போ!" என்றாள் சிறுமணி.

அன்று மாலை குழலன் அடுத்த போஸ்ட் போட்டான். 'ஆடிக் காற்றில் கூடு விழாமல் இருக்க ஏழு வழிகள்.' முதல் வழி என்ன தெரியுமா? கூட்டுக்குள் மண் வையுங்கள்! இதை எழுத அவனுக்கு வெட்கமாக இல்லை. அதற்குக் கீழே, 'அருமை அண்ணே', 'தக்க சமயத்தில் நல்ல தகவல்' என்று எழுதிய பறவைகளுக்கும் வெட்கமாக இல்லை.

சிறுமணியும் அதைப் படித்தாள். பறந்துபோய் அவன் கண்ணைக் கொத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கொத்தினால் அதையும் வீடியோ எடுத்துப் போடுவான், அதற்கும் கூட்டம் சேரும். அவள் கோபத்தை அடக்கிக்கொண்டு, அந்தப் போஸ்டுக்குக் கீழே பணிவாக ஒரு கமென்ட் எழுதினாள்.

'அண்ணே, உங்க கூட்டைப் படமெடுத்துப் போடுங்க. அதைப் பாத்து நாங்களும் கட்டிக்கிறோம்.'

பறவைகளுக்கு அப்போதுதான் அந்த ஆசை வந்தது. 'ஆமா அண்ணே, போடுங்க!' என்றது மைனா. 'உங்க கூட்டைப் பாத்ததே இல்லையே!' என்றது கிளி. குழலன் அவசரமாகச் சிறுமணியின் கமென்டை நீக்கினான். அதற்குள் ஐந்நூறு பேர் அதைப் படம்பிடித்து ஷேர் செய்துவிட்டார்கள். விடிந்தும் கேள்வி நிற்கவில்லை. பதில் சொல்லாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று குழலனுக்குப் பயம் வந்தது.

வேப்பமரத்தில் ஓர் அண்டங்காக்கை கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவள் இரை தேடப் போகட்டும் என்று அந்தப் பக்கம் காத்திருந்தான். அவள் கிளம்பியதும் அவளுடைய கூட்டை மேலிருந்து அழகாகப் படமெடுத்தான். முட்டைகளும் படத்தில் இருந்தால் பார்க்கிறவர்கள் உருகுவார்கள் என்று, அவற்றையும் சேர்த்து எடுத்தான். 'என் எளிய கூடும் என் செல்வங்களும்' என்று எழுதிப் போட்டான். லைக் மழையாகக் கொட்டியது.

குப்பைமேட்டில் நின்றபடி அண்டங்காக்கையும் அந்தப் படத்தைப் பார்த்தாள். குச்சிகளுக்கு நடுவே வளைந்து கிடந்த வேலிக்கம்பி, வயலிலிருந்து அவளே மூக்கு வலிக்க இழுத்துக்கொண்டு வந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். முட்டைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் இட்டது மூன்றுதான். நான்காவது சற்றுச் சிறியதாகவும் நிறம் மாறியும் இருந்தது. அது குழலனின் ஜோடி திருட்டுத்தனமாக இட்டுவிட்டுப் போன குயில் முட்டை.

அடுத்த நிமிடம் காட்டிலிருந்த காக்கைகள் எல்லாம் குழலன் இருந்த ஆலமரத்தைச் சூழ்ந்துகொண்டன.

"டேய் குழலா!" என்று கத்தினாள் அண்டங்காக்கை. "என் கூடு உனக்கு எப்படிடா உன் கூடாச்சு? அந்த நாலாவது முட்டை யாரோடது?"

"அக்கா, அது… ஒரு விளம்பரத்துக்காக…"

அவனை அவள் முடிக்கவிடவில்லை. காக்கைகள் கொத்திய கொத்தில் குழலனின் இறகுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. உயிர் பிழைத்தால் போதும் என்று மலைக்கு அப்பால் ஓடினான். அவனுடைய பக்கமும் அன்றோடு மூடப்பட்டது.

காடே ஈச்சமரத்தடியில் திரண்டது. "சிறுமணி வாழ்க!" என்று எல்லாம் கத்தின.

"சிறுமணி, நீயே ஒரு பக்கம் தொடங்கு. நாங்க எல்லாரும் உன் ஃபாலோயர்!" என்றது மைனா.

"தலைப்புகூட நான் யோசிச்சுட்டேன்!" என்றது கிளி.

மஞ்சன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். "இப்படித் திரும்பு, சிறுமணி. ஒரே ஒரு படம்."

சிறுமணி திரும்பினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"மண் இல்லாத அந்தக் கூட்டுக்கு ஆயிரத்து இருநூறு லைக் விழுந்துச்சு. அதுல குழலன் போட்டது ஒண்ணு. மிச்சத்தைப் போட்டது யாரு?"

மைனா தலையைக் குனிந்துகொண்டது. மஞ்சன் கைப்பேசியைக் கீழே இறக்கினான். அந்த முகங்களைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் சிறுமணி எழுந்து பறந்து போனாள்.

நீதி: தானே செய்து பார்க்காதவன் சொல்லும் யோசனைக்குக் கைதட்டுகிறவர்களுக்கும், அதனால் விளையும் கேட்டில் பங்கு உண்டு.