நாய் உட்கார்ந்த இடம்

எப்போதோ ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அவருடைய வம்சத்தார் என்னோடு மல்லுக்கு வருவார்கள். நல்ல ராஜாதான். ஆனால் ஒரு மழைக்காலத்தில் அவரைச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அரண்மனைக்குள்ளேயே யாரோ தமக்குக் குழி பறிப்பதாக எண்ணித் தூக்கத்தைத் தொலைத்தார்.

இதுதான் சமயமென்று படைத்தலைவரான தளவாய் கங்காதரர் ஒரு சாம்பல் நிற வேட்டை நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். துரோகியை மோப்பம் பிடித்து, அவன் முன்னால் போய் உட்காருமாம். அதைப் பழக்கிய வீரணன் இளைப்பு நோய்க்காரன். மூச்சு கொர் கொர் என்று இழுக்க, “ஆமாஞ் சாமி, தப்பவே தப்பாது” என்றான். ராஜா உடனே சட்டம் போட்டுவிட்டார். அரண்மனையில் எவருக்கும் விலக்கில்லை. நாய் யார் முன்னால் உட்காருகிறதோ அவருக்குப் பாதாளச் சிறை.

அதன்பிறகு அங்கே சிரிப்பு, பேச்சு எல்லாம் அடங்கிப்போயின. அந்த நாய் குரைப்பதே இல்லை. கல்தரையில் நகங்கள் உரசும் சத்தம் மட்டும் வரும், ஓரிடத்தில் நிற்கும். அவ்வளவுதான், அந்த ஆளை மறுபடி யாரும் பார்க்கமாட்டார்கள். தோட்டக்காரன் போனான். மடைப்பள்ளி அலமேலு போனாள். இருவருமே தளவாயை எதிர்த்துப் பேசியவர்கள்.

‘அடுத்தது நான்தான்’ என்று தெரிந்துகொண்டான் அரசவை விகடன் சோலையப்பன். தளவாயின் மீசையை அவன் சபையில் கேலி செய்யாத நாளே கிடையாது. ஆனால் சிரிக்கவைத்துப் பிழைப்பவனின் காது வேறு மாதிரி. சிரிப்பு வெடிக்கும் முன் மனிதருக்கு மூச்சு நிற்கும். அதை அவன் காது தவறவிடாது. அலமேலுவின் முன்னால் நாய் உட்கார்வதற்குச் சற்றுமுன், வீரணனின் இளைப்புச் சத்தம் நின்றதை அவன் கேட்டிருந்தான்.

ஆளில்லாத நேரம் பார்த்து நாய்க்கொட்டடிக்குப் போனான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தான். நாய் சட்டென்று உட்கார்ந்தது. உடம்பெல்லாம் நடுங்க, விழப்போகும் அடிக்காகக் கண்களை இறுக மூடிக்கொண்டது. “அட பாவி வீரணா!” என்றான் சோலையப்பன்.

மறுநாள் சபையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வீரணன் கயிற்றோடு கிளம்பியபோது சோலையப்பன் குறுக்கிட்டான்.

“அரசே, எவருக்கும் விலக்கில்லை என்பது தங்கள் ஆணை. வீரணனும் அரண்மனைச் சோறுதானே தின்கிறான்? அவனும் வரிசையில் நிற்கவேண்டும்.”

“நாயை யார் நடத்துவது?” என்று சீறினார் தளவாய்.

“மன்னர் நடத்தட்டும். அதைவிட நேர்மையான கை இந்தச் சபையில் உண்டா, தளவாய் அவர்களே?”

இல்லையென்று யார் சொல்வது? ராஜா கயிற்றைப் பிடித்தார். நகங்கள் தளவாயைக் கடந்தன, வீரணனைக் கடந்தன, சோலையப்பனையும் கடந்தன. வரிசையின் கோடியில் ராஜாவின் ஒரே மகன் மாறன் நின்றான், வாலிபன். மகன் முகத்தைப் பார்த்த ராஜாவுக்கு மூச்சு நின்றது.

நாய் உட்கார்ந்தது.

சட்டம் சட்டம்தானே! காவலர் விலங்கோடு நெருங்கினார்கள். “நில்லுங்கள்!” என்று அலறினார் ராஜா. “என் மகனா துரோகி? இந்த நாய் பொய் சொல்கிறது!”

சோலையப்பன் கயிற்றை வாங்கி, நாயை ஒரு கல்தூணிடம் நடத்திப்போய் மூச்சை அடக்கினான். நாய் தூணின் முன்னாலும் உட்கார்ந்தது.

“இந்தத் தூணும் துரோகிதான் அரசே. பிடித்து அடைக்கச் சொல்லுங்கள். விலங்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்” என்றான். “கயிற்றைப் பிடித்தவரின் மூச்சு எங்கே நிற்கிறதோ, அங்கே உட்காரும். இதற்குத் தெரிந்தது அவ்வளவே.”

வீரணன் தடாலென்று காலில் விழுந்தான். “பிரம்பால அடிச்சே பழக்குனேன் சாமி. யாரு முன்னால மூச்சப் புடிக்கணும்னு தளவாய் சொல்லுவாரு. துரோகத்த மோந்து பாக்க எந்த நாயாலயும் முடியாது. எனக்குத் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டேன்.”

“நாய்க்கு வாயில்லை, வீரணா. அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நீதானே உள்ளதைச் சொல்லவேண்டும்? அதை அடித்தாய், ஊரையும் ஏமாற்றினாய்” என்றான் சோலையப்பன். அவன் குரலில் அப்போது விகடமே இல்லை.

ராஜா தூணைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். மகன் தப்பினான் என்ற நிம்மதிச் சிரிப்பு. சபையும் சேர்ந்து சிரித்தது. சிறைப்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். தளவாயும் வீரணனும் உள்ளே போனார்கள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். அவன் கேட்டபடி நாயையும் கொடுத்தார்.

மாலையோடு இளவரசனை வணங்கப் போனான் சோலையப்பன். மாறன் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னைப் பார்த்ததும் சந்தேகத்தில் அப்பாவுக்கு மூச்சு நின்றதே, அப்போதும் நாய் பொய் சொல்லவில்லைதானே, சோலையப்பரே?” என்று மெல்லக் கேட்டான்.

எத்தனையோ பேர் வாயை அடைத்த அந்த விகடன், குனிந்து நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.