வரிசை முடியாத ஸ்வெட்டர்

மேட்டுப்பாளையம் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால், குண்டுக்கல்பாளையம் என்று ஓர் ஊர் உண்டு. கடவுள் அறிவைப் பங்கு வைத்த அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் போய் வரிசையில் நின்றார்கள். நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள். வாங்கிக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள்.

அந்த ஊரில் வண்டார்குழலி வீட்டுக் கூடத்தில் செவ்வாய்தோறும் மத்தியானம் பின்னல் கூட்டம் நடக்கும். குழலி, பக்கத்து வீட்டுத் தைலம்மை, எதிர்வீட்டுப் பச்சையப்பன் ஆக மூன்று பேர். பச்சையப்பன் மூக்குக்கண்ணாடி போட்டவர் என்பதால் யோசிக்கிற வேலையெல்லாம் அவருடையது. பின்னலைக் கற்றுக்கொடுத்தவள் எஸ்தர் டீச்சர். வட்டமாக உட்காருங்கள் என்று முதல் நாள் சொன்னாள். அன்றைக்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கோட்டின் மேலிருந்து நகராமல் உட்கார்ந்து பழகவே சாயங்காலம் ஆகிவிட்டது.

இரண்டாவது வாரம் டீச்சர் சட்டமாக ஒன்று சொன்னாள். பின்னிக்கொண்டிருக்கிற வரிசை முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் ஊசியிலிருந்து நூல் நழுவி எல்லாம் பாழ். மூன்று பேரும் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். கழுத்துத் துண்டு பின்னியபோது ஒரு தொந்தரவும் இல்லை. இந்தக் கோடியில் தொடங்கினால் அந்தக் கோடியில் வரிசை முடியும். எழுந்து போய்க் காபி போடலாம்.

தொந்தரவு குழலியின் புருஷன் பொன்னுரங்கத்தால் வந்தது. போன வருஷம் மலைமேல் தேயிலை ஃபேக்டரியில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மூன்றாம் நாளே குளிரில் பல் கிடுகிடுக்க இறங்கி வந்துவிட்டான். இந்த வருஷம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டு, வியாழக்கிழமை காலை ஜீப் வரும், ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதே, இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லி அனுப்பினார். வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எஸ்தர் டீச்சர் தங்கையின் பிரசவத்துக்குச் சேலம் புறப்படுகிற அவசரத்தில், ஒரு மூட்டைக் கம்பளி நூலையும் மூன்று வட்ட ஊசிகளையும் கொடுத்தாள். வட்ட ஊசி என்றால் இரண்டு ஊசிகளை ஒரு வயரால் இணைத்தது. சுற்றிச் சுற்றிப் பின்னினால் குழாய் மாதிரி வரும், தையலே வேண்டாம். ஸ்வெட்டரில் குழலிக்கு உடம்பு, தைலம்மைக்கு இடது கை, பச்சையப்பனுக்கு வலது கை.

செவ்வாய் மத்தியானம் உட்கார்ந்தார்கள். காபி நேரத்தில் குழலி கேட்டாள்.

"தைலா, உன் வரிசை முடிஞ்சுதா?"

"முடியற மாதிரி கிட்ட வருதுக்கா. வந்து, ஆரம்பிச்ச எடத்துலயே மறுபடி பூந்துக்குது."

"எனக்கும் அப்படித்தான். அண்ணா, உங்களுக்கு?"

பச்சையப்பன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எனக்கு முன்னாடி ஓடுது, அம்மணி. நாம மெதுவாப் பின்னறோம். வேகமாப் போனாத்தான் முடிவைப் புடிக்க முடியும்."

வேகமாகப் பின்னினார்கள். முடிவும் வேகமாக ஓடியது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள், வருத்தப்பட்டார்கள், எழுந்திருக்கவில்லை. ஆடு உள்ளே வந்து உப்புமாவைத் தின்றுவிட்டு, சாவகாசமாகப் போனது. பொன்னுரங்கம்தான் மூன்று வாயிலும் மாறி மாறிச் சோறு ஊட்டினான். புதன்கிழமை காலையில் ஸ்வெட்டரின் உடம்பு வாசற்படியைத் தாண்டியது. இடது கை கிணற்றடிக்குப் போயிருந்தது. வலது கையைத் தூணில் சுற்றி வைத்தார்கள்.

பொன்னுரங்கம் ஊர்த்தலைவரைக் கூட்டி வந்தான். அவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவிவிட்டு, இவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதால்தான் வரிசையும் வட்டமாகச் சுற்றுகிறது, நேராக உட்கார்ந்தால் நேராகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். எழுந்திருக்கக் கூடாதே. அதனால் மூவரும் உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து, சுவரோரமாக ஒரே கோட்டில் அமர்ந்தார்கள். நகர்ந்ததில் பச்சையப்பன் வேட்டி கிழிந்தது. வரிசை மட்டும் முடியவில்லை.

வியாழன் காலை ஜீப் வந்து ஹாரன் அடித்தது. குழலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங், இருக்கறதைப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க. வேலை போயிருமுங்க."

பொன்னுரங்கம் தெருவுக்குப் போய், ஸ்வெட்டரின் வால் பக்கமாக உள்ளே நுழைந்தான். தவழ்ந்தே வந்து, அரை மணி கழித்துக் குழலியின் மடியில் தலையை நீட்டினான். ஊசி அவன் கழுத்தைச் சுற்றி இருந்தது. குழலி பின்னிக்கொண்டே இருந்தாள். அவன் போனால் ஊசி போகும், ஊசி போனால் குழலி எழவேண்டும். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பச்சையப்பன் யோசித்துவிட்டுச் சொன்னார். "நாம எந்திரிக்கத்தான் கூடாது. நம்மளத் தூக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லலை."

ஊரே கூடிப் பாயோடு மூன்று பேரையும் தூக்கி ஜீப்பில் வைத்தது. கைகள் இன்னும் உடம்போடு சேரவில்லை, அதனால் கை பின்னுகிறவர்களும் போயாக வேண்டும். மிச்ச ஸ்வெட்டரைச் சுருட்டிக் கூரைமேல் கட்டினார்கள்.

மலைமேல் மேனேஜர் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒரு வாட்ச்மேனைத்தானே வரச்சொன்னேன். இவங்கெல்லாம் யாரு?"

"இதுதாங்க சார் என் ஸ்வெட்டரு," என்றான் பொன்னுரங்கம். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. எல்லோரும் இப்போதே இறங்கிப் போங்கள், வேலையும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழலி பணிவாகக் கேட்டாள்.

"சார் படிச்சவருங்க. இந்த வரிசை எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, நாங்க எந்திரிச்சுப் போயிர்றோம்."

இது என்ன பிரமாதம் என்று மேனேஜர் ஊசியைக் கையில் வாங்கினார். ஒரு சுற்று பின்னிப் பார்த்தார். பார்ப்பதற்கு வாகாக, பொன்னுரங்கத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார்.

பொன்னுரங்கத்தின் வேலைக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அவனை நீக்குகிற கடிதம் டைப் அடித்துத் தயாராகத்தான் இருக்கிறது. கையெழுத்துக்குக் கொண்டுபோனால், இந்த வரிசை முடியட்டும் என்கிறார் மேனேஜர்.